புது பைக்கின் முதல் சேர்விஸ்: கொம்பனியிலா, வீட்டு முற்றத்திலா?

முதல் சேர்விஸைக் கொம்பனியிலேயே, அதாவது பைக்கை விற்ற கொம்பனியின் சேர்விஸ் நிலையத்திலேயே செய்யுங்கள், ஆனால் அங்கே என்ன வேலை நடக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள். என் முடிவு இதுதான், மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

2020 இல் நின்ற வாகன இறக்குமதி 2025 இல் திரும்பத் திறந்த பிறகு மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமெல்லாம் புது பைக்குகள் கண்ணில் படுகின்றன. இன்றைய விலைக்கு ஒரு பைக் எடுப்பது சின்ன விசயம் இல்லை, பலர் லீசிங்கில்தான் எடுக்கிறார்கள். எடுத்து ஒரு மாதம் ஆகும்போது எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "ஒயில் மாத்துறதுக்கு எதுக்கு ஒரு நாள் மினக்கெட்டு டவுனுக்குப் போகணும்?" வாகரையிலோ வெல்லாவெளியிலோ இருக்கிறவர் இப்படிக் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. போகவர எண்ணெய்ச் செலவு, ஒரு நாள் கூலி, அங்கே போய்க் காத்திருப்பது என்று கணக்குப் பார்த்தால் இலவச சேர்விஸ் உண்மையில் இலவசம் இல்லை. பைக்கோடு தரும் சேர்விஸ் கூப்பனில் இலவசம் என்பது வேலைக்கூலி மட்டும்தான், ஒயிலுக்கும் பில்டருக்கும் பெரும்பாலும் நீங்கள்தான் காசு கட்ட வேண்டும்.

முதலில் இந்த சேர்விஸ் எதற்கு என்று பார்ப்போம். புது எஞ்சினுக்குள் பிஸ்டன் ரிங், சிலிண்டர், கியர்ப் பற்கள் எல்லாம் ஒன்றோடொன்று உரசித்தான் பொருந்தி வரும். அப்படி உரசும்போது மெல்லிய இரும்புத் தூள் ஒயிலில் கலக்கும். அந்த ஒயிலை வெளியே எடுப்பதுதான் முக்கியமான வேலை. கூடவே புது செயின் கொஞ்சம் நீளும், கிளச் கேபிள் இளகும், நட்டுகள் இருப்புக்கு வந்து சில தளரும். பெரும்பாலான பைக்குகளுக்கு இது 500 முதல் 1000 கிலோமீற்றருக்குள் வரும். நாள் கணக்கும் உண்டு, இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. உங்கள் பைக்குக்கான கணக்கு சேர்விஸ் புத்தகத்தில் இருக்கும், பக்கத்து வீட்டு பைக்கின் கணக்கை எடுக்க வேண்டாம். மாதக்கணக்கில் வீட்டில் நின்ற பைக்கை "இன்னும் 300 தானே ஓடியிருக்கு" என்று விடுகிறவர்கள் நாள் கணக்கில் கூப்பனை இழக்கிறார்கள்.

அந்த முதல் ஆயிரம் கிலோமீற்றரை எப்படி ஓடுகிறோம் என்பது சேர்விஸ் அளவுக்கே முக்கியம், இதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று போகும் ஏ4 வீதி ஏற்றம் இறக்கம் இல்லாத சமதரை. டொப் கியரில் போட்டால் ஒரே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கலாம். புது எஞ்சினுக்கு அது ஆகாது. வேகத்தைக் கூட்டிக் குறைத்து, கியரை ஏற்றி இறக்கி ஓடினால்தான் ரிங்குகள் சரியாகப் பொருந்தும், அதற்காகப் புத்தகம் சொல்லும் வேக எல்லையைத் தாண்டவும் கூடாது. வயல் காலத்தில் பின்னால் நெல் மூட்டையை ஏற்றிக்கொண்டு நான்காம் கியரில் எஞ்சின் திணறத் திணற இழுப்பது இன்னும் மோசம். இரண்டு மாதம் பொறுங்கள், மூட்டையை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் அனுப்புங்கள்.

சரி, ஏன் கொம்பனி? வரண்டிதான் முதல் காரணம். புத்தகத்தில் முத்திரை இல்லாவிட்டால், பிறகு கியர்பொக்ஸில் சத்தம் வந்தாலும் எஞ்சின் ஒயில் கசிந்தாலும் "நீங்கள் சேர்விஸ் செய்யவில்லையே" என்று ஒரே சொல்லில் திருப்பி அனுப்பிவிடலாம். வீட்டில் ஒயில் மாற்றி மிஞ்சும் காசுக்காக இலட்சக்கணக்கான பொருளின் வரண்டியை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. லீசிங்கில் எடுத்தவர்கள் ஒப்பந்தத்தில் சேர்விஸ் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை வாசித்துவிடுங்கள். அப்புறம், வால்வு இடைவெளி பார்ப்பது, எஃப்ஐ (கார்பரேட்டர் இல்லாமல் பெற்றோலைப் பீச்சும்) பைக்கை ஸ்கேனரில் போடுவது, ஏபிஎஸ் (சில்லு பூட்டாமல் காக்கும் பிரேக்) சோதிப்பது எல்லாம் வீட்டில் நடக்கிற வேலை இல்லை. நாளைக்கு விற்கும்போதும் முத்திரை குத்திய புத்தகம் காசு பேசும்.

போகும்போது உங்கள் முறைப்பாடுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வாயால் சொல்வது காற்றோடு போய்விடும். "இரண்டாம் கியர் விழக் கஷ்டம்", "பின் பிரேக் கிறீச்சிடுகிறது" என்று அவர்களின் வேலைச் சீட்டான ஜொப் காட்டில் எழுதச் சொல்லுங்கள், எழுதியதை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதே பிரச்சினை ஆறு மாதம் கழித்துப் பெரிதானால் அந்தப் படம்தான் உங்கள் சாட்சி. முடிந்தால் வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், நிற்க விடாவிட்டால் தெரிகிற தூரத்திலாவது இருங்கள். என் மச்சானின் பைக்கை முதல் சேர்விஸ் முடித்துக் கொண்டுவந்தபோது செயின் வீணைத் தந்தி மாதிரி இறுகி இருந்தது, விரலால் அழுத்தினால் அசையவே இல்லை. அங்கேயே திருப்பிக் கொண்டுபோய்க் காட்டினோம், இரண்டு நிமிடத்தில் தளர்த்திக் கொடுத்தார்கள். அவர் அதைக் கவனிக்காமல் ஓடியிருந்தால் செயினும் அது ஓடும் பற்சக்கரமான ஸ்பொக்கெட்டும் சீக்கிரம் தேய்ந்து கடைசியில் கியர்பொக்ஸ் பெயாரிங் வரைக்கும் போயிருக்கும். அதனால்தான் வேலையைத் தெரிந்துகொண்டு போங்கள் என்கிறேன்.

இனி வேலை. இதை மூன்று பேருக்காக எழுதுகிறேன்: பக்கத்தில் நின்று பார்க்கப் போகிறவர், கூப்பன்கள் முடிந்து இனி வீட்டில் செய்யப்போகிறவர், இத்தனையும் கேட்டபிறகும் "நானே செய்யிறன்" என்கிறவர். மூன்றாமவர் ஒயில், பில்டர் வாங்கிய பில்லையும் மீற்றரின் படத்தையும் திகதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒயில் வாங்கும்போது விலையையோ பிராண்டையோ விட, புத்தகத்தில் போட்டிருக்கும் தரம்தான் முக்கியம். ஒயிலின் தடிப்பைச் சொல்லும் குறி 10டபிள்யூ30 என்றோ 20டபிள்யூ50 என்றோ இருக்கும், அதையே வாங்குங்கள். கியர் பைக்கில் கிளச்சும் அதே ஒயிலில்தான் நனைந்து ஓடுகிறது, ஆகவே கலனில் அப்படிப்பட்ட கிளச்சுக்கான தரக்குறி ஜாசோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 (MA2) என்று இருக்க வேண்டும். காருக்கு வாங்கி மிஞ்சிய ஒயிலை ஊற்றினால் கிளச் வழுக்க இடமிருக்கிறது. ஸ்கூட்டியின் கணக்கு வேறு, அதற்குப் பெரும்பாலும் எம்பி (MB). மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டுக்குப் புது வொஷர் ஒன்றையும் அதோடு வாங்கிவிடுங்கள்.

பைக்கை ஐந்து நிமிடம் ஓடவிட்டு சூடாக்குங்கள், கை சுடுமளவுக்கு வேண்டாம். சமதரையில் டபுள் ஸ்டாண்டில் நிறுத்தி, மேலே ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்துவிட்டு, கீழே பழைய பேசினை வையுங்கள். டிரெயின் போல்ட்டுக்கு அளவான ரிங் ஸ்பனர் வேண்டும், அட்ஜஸ்டபிள் ஸ்பனர் போட்டால் மூலைகள் தேய்ந்துவிடும். குனிந்து மேலிருந்து பார்க்கிறவர்களுக்கு எந்தப் பக்கம் திருப்புவது என்று இங்கேதான் குழம்பும். போல்ட்டின் தலையை நேருக்கு நேர் பார்ப்பதாக நினைத்து இடப்பக்கம் திருப்புங்கள். நன்றாக வடியவிடுங்கள், பத்து நிமிடமாவது.

வடிந்த ஒயிலை வெயிலில் பாருங்கள். வெள்ளி மினுக்கம் மாதிரி மெல்லிய தூள் தெரிந்தால் பயப்பட வேண்டாம், முதல் ஒயிலில் அது இருக்கும். போல்ட்டில் காந்தம் இருந்தால் அதிலும் சாம்பல் நிறத்தில் ஒட்டியிருக்கும். ஆனால் நகத்தால் எடுக்கக்கூடிய துண்டுகளோ செதில்களோ இருந்தால் வேலையை அங்கேயே நிறுத்தி, படம் எடுத்து, ஒயிலையும் ஒரு போத்தலில் எடுத்துக்கொண்டு, பைக்கை ஸ்டார்ட் பண்ணாமல் ஏற்றிக்கொண்டு கொம்பனிக்குப் போங்கள்.

பில்டர் சில பைக்கில் தாளால் ஆனது, சிலவற்றில் கழுவிப் போடும் வலை மட்டும்தான். தாள் பில்டர் என்றால் கழற்றும்போதே எந்தப் பக்கம் வெளியே பார்த்து இருந்தது, ஸ்பிரிங் எங்கே இருந்தது என்று படம் எடுங்கள், மாறிப் போட்டால் ஒயில் சரியாக ஓடாது. மூடியின் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) நசுங்கியிருந்தால் மாற்றுங்கள். மறுபடி டிரெயின் போல்ட்டைப் போடும்போது முதலில் விரலாலேயே முழுதாகத் திருகுங்கள். விரலுக்கு இறங்காவிட்டால் மரை சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம், கழற்றித் திரும்பப் போடுங்கள். எஞ்சின் உடம்பு அலுமினியம், பலத்தைக் காட்டி இறுக்கினால் மரை போய்விடும், பிறகு கராஜில் புது மரை வெட்டத்தான் வேண்டும். இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்ச் இருந்தால் புத்தகத்தில் உள்ள அளவுக்கு, இல்லாவிட்டால் வொஷர் நசிந்து பிடித்த பிறகு சின்ன ஒரு இறுக்கு, அவ்வளவுதான்.

ஒயில் அளவில் ஒரு விசயம். புத்தகத்தில் இரண்டு மூன்று அளவு போட்டிருப்பார்கள்: ஒயில் மட்டும் மாற்றும்போது ஒன்று, பில்டரும் மாற்றும்போது ஒன்று, எஞ்சினையே கழற்றிப் பூட்டும்போது ஒன்று. ஒரு லீற்றர் கலன் வாங்கினோம் என்பதற்காக முழுவதையும் ஊற்றாதீர்கள். கொஞ்சம் குறைத்து ஊற்றி, இரண்டு நிமிடம் ஸ்டார்ட் பண்ணி, நிறுத்தி, சில நிமிடம் விட்டு அளவைப் பார்த்து மிச்சத்தை ஊற்றுங்கள். ஒயில் அளவைக் குச்சியால் பார்க்கும் பைக் பலவற்றில் குச்சியைத் திருகாமல் சும்மா வைத்துத்தான் அளக்க வேண்டும். உங்களுடையது எப்படி என்று புத்தகத்தைப் பாருங்கள்.

செயினைக் கீழ்ப்பக்க நடுவில் விரலால் மேலும் கீழும் அசையுங்கள், பல பைக்குகளில் 25 முதல் 35 மில்லிமீற்றர் ஆட்டம் இருக்க வேண்டும். சில்லைச் சுற்றி மிக இறுக்கமான இடத்தைப் பிடித்து அங்கே அளந்து பாருங்கள். செயினை இறுக்கும்போது பின் சில்லு அச்சின் இரண்டு பக்கக் குறியும் ஒரே கோட்டில் வர வேண்டும், வராவிட்டால் பின் சில்லு சரிந்து நிற்கும். கல்லடி, பாசிக்குடா போலக் கடலை ஒட்டி இருக்கிறவர்களின் செயின் உப்புக்காற்றில் சீக்கிரம் துரு பிடிக்கும், 500 கிலோமீற்றருக்கு ஒருமுறையாவது மண்ணெண்ணெயில் துடைத்து செயின் லூப் (செயினுக்கென்று விற்கும் மசகு) அல்லது 90 கியர் ஒயில் பூசுங்கள். பெற்றோல் போட்டுக் கழுவ வேண்டாம். ஸ்போக் சில்லு என்றால் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பனரால் மெல்லத் தட்டிப் பாருங்கள், இளகிய கம்பியின் சத்தம் மந்தமாகக் கேட்கும். கண்ணாடி, நம்பர் பிளேட், சைலன்சர், ஃபுட்ரெஸ்ட் நட்டுகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பழைய ஒயிலை முற்றத்து மணலில் ஊற்றாதீர்கள், தயவுசெய்து. கடலுக்கும் வாவிக்கும் இடையில் நாம் இருக்கிற இந்த மண் வெறும் மணல், தண்ணீர் சில அடியிலேயே கிடைக்கிறது. ஊற்றின ஒயில் உங்கள் கிணற்றுக்கோ பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கோதான் போகும். மறுகா அந்தத் தண்ணியைத்தான் பிள்ளைகள் குடிக்கிறார்கள். அதே கலனில் திரும்ப ஊற்றி, பக்கத்துக் கராஜில் கொடுத்துவிடுங்கள்.

கொம்பனியில் செய்தாலும் வீட்டில் செய்தாலும், அன்று மெதுவாக ஒரு சுற்றுப் போய்வந்து, இரவு பைக் நிற்கும் இடத்தில் ஒரு மட்டையை விரித்துவிடுங்கள். காலையில் அதில் ஒயில் துளி கிடந்தால் டிரெயின் போல்ட்டையும் பில்டர் மூடியையும் துடைத்துவிட்டு எங்கிருந்து கசிகிறது என்று பாருங்கள், கண்டுபிடிக்கும்வரை தூரப் பயணம் வேண்டாம்.