விட்லகோச்சே: மக்காச்சோளக் கரிப்பூட்டையை வளர்ப்பதும் அறுப்பதும் சமைப்பதும்

மக்காச்சோளக் கதிரில் மணி இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் கழலைகள் உப்பி நின்றால், அது உஸ்டிலாகோ மேடிஸ் என்ற பூஞ்சையின் வேலை. அமெரிக்க விவசாயிகளில் பெரும்பாலோருக்கு அது கரிப்பூட்டை நோய், விளைச்சல் நஷ்டம். மெக்சிகோவில் அதே கழலைதான் விட்லகோச்சே. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் த்லாக்ஸ்கலா, புவெப்லா, ஹிடால்கோ பகுதிகளிலிருந்து சந்தைக்கு வரும். நல்ல கதிரைவிடக் கூடுதல் விலைக்குப் போகும். நோயைத் தடுக்க நினைப்பவரும் சரி, அதை அறுத்துச் சாப்பிட நினைப்பவரும் சரி, முதலில் பிடிபட வேண்டியது நாள் கணக்கு.

பூஞ்சை நுழையும் வழி

கதிர் நுனியில் தொங்கும் பட்டு இழை ஒவ்வொன்றும் உள்ளே ஒரு சூலில் போய் முடிகிறது. மகரந்தம் இறங்கும் அதே பாதையில்தான் பூஞ்சையும் இறங்கும். மகரந்தம் முந்திக்கொண்டால் இழையின் அடி வாடி அற்றுப்போகும். பிறகு பூஞ்சை மணியை எட்ட முடியாது. கதிரின் அடிப்பக்க மணிகளின் இழைகள் முதலில் வெளியே வரும், நுனி மணிகளின் இழைகள் கடைசியில் வரும். வயலில் தானாக நோய் விழும் கதிர்களில் அடிமணி ஒழுங்காகவும் நுனி மட்டும் உப்பியும் இருப்பதை அடிக்கடி பார்க்கலாம். அதற்குக் காரணம் இதுதான்.

ஆண் பூ உதிர்வதும் பட்டு வெளிவருவதும் ஒத்துப்போகாமல் வறட்சி குழப்பிவிட்டால் நோய் கூடும். ஆலங்கட்டி மழை, பூச்சிக்கடி, களை கொத்தும்போது படும் காயம் ஆகியவையும் தண்டிலும் இலையிலும் கழலையை வரவழைக்கும். தழைச்சத்தை அள்ளிப் போட்ட வயலில் இன்னும் அதிகம். நோய் வேண்டாம் என்பவர் எதிர்ப்புத் திறன் உள்ள ரகத்தை விதைத்து, தழைச்சத்தை அளவோடு கொடுத்து, கழலை வெடிப்பதற்கு முன்பே அறுத்து வயலுக்கு வெளியே கொண்டுபோய் அழிக்க வேண்டும். கருந்தூளாக உதிரும் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். நோய் வந்த பிறகு மருந்து தெளிப்பது வீண் செலவு.

வேண்டுமென்றே வளர்ப்பது

மழையை நம்பினால் நூறு செடியில் சிலவற்றில்தான் கிடைக்கும். அதனால் கதிருக்குள் பூஞ்சையை ஊசியால் செலுத்தும் முறை வந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதை விரிவாகச் சோதித்திருக்கிறார்கள். ஆய்வகத்தில் உருளைக்கிழங்குச் சாற்றில் வளர்த்த பூஞ்சைச் செல்களை, ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 10 லட்சம் என்ற அடர்த்திக்குக் கரைத்துக்கொள்கிறார்கள். ஒன்றோடொன்று இணையக்கூடிய இரண்டு வகைகளைக் கலப்பது கட்டாயம். தனி வகை எவ்வளவு செலுத்தினாலும் கழலை வராது. இரண்டு செல்கள் கூடினால்தான் செடியைத் தாக்கும் பூஞ்சை இழை உருவாகிறது.

பட்டு வெளியே தலைகாட்டிய 4 முதல் 8 நாளுக்குள், கதிர் உறையின் நுனியில் இழைகள் கற்றையாக நிற்கும் இடைவெளியில் ஊசியை இறக்கி, 2 முதல் 3 மில்லி செலுத்த வேண்டும். ஊசி நடுத்தண்டில் குத்தினால் கரைசல் வீணாகி, கதிரும் அழுகும். அதற்கு முன்பே மகரந்தத்தைத் தடுத்திருக்க வேண்டும்: ஆண் பூவை உதிர்வதற்குள் கிள்ளிவிடலாம், அல்லது பட்டு வருவதற்கு முன்பே கதிருக்குக் காகித உறை போடலாம். இந்த ஒரு வேலையைச் சோம்பலில் விட்டவர்களுக்குத்தான் பாதி மணியும் பாதி கழலையுமாக வரும்.

அறுக்கும் நாள்

ஊசி போட்ட 16 முதல் 18-ஆம் நாள். உறையை லேசாகப் பிரித்து ஒரு கழலையை நறுக்கிப் பாருங்கள். வெளித்தோல் வெள்ளியாக, இறுக்கமாக, முழுசாக இருக்க வேண்டும். உள்ளே பெரும்பகுதி கருத்து, ஓரத்தில் மட்டும் சாம்பல் வெண்மை மிச்சமிருக்க வேண்டும். உள்ளே இன்னும் வெள்ளையாக இருந்தால் பஞ்சுபோல் இருக்கும், ருசி ஏறியிருக்காது. தோல் கிழிந்து கருந்தூள் விரலில் ஒட்டினால் காலம் கடந்துவிட்டது. வாயில் மண்போல் நறநறக்கும். நடுவில் கிடைப்பது இரண்டு மூன்று நாள்தான், வெயில் ஏறினால் அதுவும் குறையும். அந்த வாரத்தில் தினமும் வயலைச் சுற்றி வருவதைத் தவிர வேறு வழியில்லை.

கதிரோடு வெட்டி, உறையை மூடியே வைத்துக் கொண்டுபோங்கள். உதிர்த்துப் பையில் அடைத்தால் கழலைகள் நசுங்கி நீர்விட்டு, ஒரே நாளில் புளித்துவிடும்.

எதைத் தொடக்கூடாது என்பதும் முக்கியம். இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் நிறப் பூசணம் ஏறிய கதிரை அப்படியே ஒதுக்குங்கள். அவற்றில் நச்சு இருக்கலாம். ஆண் பூவையோ முழுக் கதிரையோ நார்நாராகக் கருந்தூளாக்கும் தலைக் கரிப்பூட்டை வேறு பூஞ்சை. தமிழ்நாட்டில் சோளத்திலும் கம்பிலும் வரும் கரிப்பூட்டைகளும் வேறு; அவற்றை இதுவென்று நினைத்துச் சமைக்காதீர்கள். மருந்து அடித்த வயலின் கழலையும் வேண்டாம்.

சமைப்பது

12 கெசடியாவுக்கு (உள்ளே கலவை வைத்து மடித்துச் சுடும் மெக்சிகோ ரொட்டி): விட்லகோச்சே 500 கிராம், பெரிய வெங்காயம் பாதி, பூண்டு 2 பல், செர்ரானோ என்ற மெக்சிகோ பச்சை மிளகாய் 1 அல்லது 2, இளம் மக்காச்சோள மணி ஒரு கைப்பிடி, எபாசோட்டே (வாசம் தூக்கலான மெக்சிகோ மூலிகை) இலை 6 முதல் 8, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி.

பட்டு இழைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுங்கள். சமைத்தாலும் மசியாது, பல்லில் சிக்கும். கழலைகளை அடியோடு கத்தியால் சீவி, தண்ணீரில் ஒரு அலசு மட்டும் அலசுங்கள். ஊறவிட்டால் பஞ்சுபோல் குடித்துவிடும். பெரியவற்றை இரண்டு மூன்றாக நறுக்குங்கள்.

அகலமான வாணலியில் வெங்காயத்தைக் கண்ணாடிபோல் வதக்கி, பூண்டும் மிளகாயும் மக்காச்சோள மணியும் போட்டு இரண்டு நிமிடம் கிளறுங்கள். பிறகு விட்லகோச்சேயும் உப்பும். மூடிவைத்தால் ஐந்து நிமிடத்தில் மை மாதிரி கருநீர் விடும். மூடியை எடுத்து, எபாசோட்டே சேர்த்து, அந்த நீர் சுண்டி, துண்டுகளின் மேல் பளபளவென்று ஒட்டும்வரை 8 முதல் 10 நிமிடம் விடுங்கள். ஆழமான பாத்திரத்தில் செய்தால் நீர் வற்றாமல் வெந்து குழையும். நீர் வற்றுமுன் அடுப்பை அணைத்தால் கெசடியா கிழிந்து ஒழுகும். அடுப்பிலிருக்கும்போதே மண்வாசமும் லேசான இனிப்பும் சேர்ந்து எழும்; அந்த வாசம் வந்தாலே பதம் நெருங்கிவிட்டது.

மாசா மாவில் (சுண்ணாம்பு நீரில் வேகவைத்த மக்காச்சோளத்தை அரைத்த மாவு) தட்டிய தொர்த்தியா ரொட்டியில், இளகி இழுபடும் ஒஹாகா சீஸ் கொஞ்சம், இந்தக் கலவை இரண்டு கரண்டி வைத்து மடித்து, கோமால் கல்லில் இருபுறமும் சுட்டெடுங்கள். சீஸை அளவோடு வையுங்கள், அதிகமானால் பூஞ்சையின் ருசியை விழுங்கிவிடும். எபாசோட்டே கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம். கொத்தமல்லி அந்த இடத்தை நிரப்பாது.

மிச்சம் இருந்தால், பச்சையாகவே ஒருவேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து உறையவையுங்கள். எடுத்ததும் இளகவிடாமல் நேராக வாணலியில் போடுங்கள். இளகவிட்டால் கருநீரெல்லாம் பாத்திரத்தில் தங்கி, தோல் மட்டும் கையில் மிஞ்சும்.