துளை சின்னதாக இருந்தால் மட்டும் போதாது: ஹீட் பைப் விக் வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லேப்டாப்பைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பிராசஸரின் மேலிருந்து ஃபேன் வரைக்கும் தட்டையாக ஒரு செம்புக் குழாய் போகும். அதுதான் ஹீட் பைப். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு உள்ளே கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடியிருப்பார்கள், உட்சுவரை ஒட்டி நுண்துளைகள் நிறைந்த ஒரு படலம் இருக்கும், அதுதான் விக். சூடான முனையில் தண்ணீர் ஆவியாகி, குளிர்ந்த முனைக்குப் போய் மறுபடி நீராகி, விக் வழியாகத் திரும்பி வருகிறது. மோட்டார் கிடையாது, பம்ப் கிடையாது. விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவது போல விக்தான் தண்ணீரை இழுக்க வேண்டும். ஜார்ஜ் குரோவர் 1963-ல் லாஸ் அலமோஸில் இதைச் செய்து காட்டியதிலிருந்து அடிப்படை இதுதான்.

நான் அதிகம் பார்க்கும் தவறு, துளை எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது என்று நினைப்பது. பாடப்புத்தகத்தில் நுண்குழாய் அழுத்தத்தின் சூத்திரம் இருக்கிறது, ஆரம் குறைந்தால் அழுத்தம் கூடும், சரி. ஆனால் திரியை ரொம்ப இறுக்கித் திரித்தால் எண்ணெய் ஏறாமல் விளக்கு மங்குவதை வீட்டில் பார்த்திருப்போமே, அதுவேதான் இங்கேயும். செம்புத் தூளைச் சூளையில் உருகவிடாமல் ஒட்டவைத்துச் செய்யும் சிண்டர் விக்கை எடுத்துக்கொள்வோம். தூளின் விட்டம் 100 மைக்ரான் என்றால் துளையின் ஆரம் சுமார் 21 மைக்ரான், 60 டிகிரி தண்ணீரை அது இழுக்கும் அழுத்தம், சுருக்கமாக இழுவிசை, ஏறக்குறைய 6,300 பாஸ்கல். தூளை 50 மைக்ரானாக்கினால் இழுவிசை இரண்டு மடங்காகிறது, ஆனால் தண்ணீர் ஓடும் வசதி நாலில் ஒரு பங்காகக் குறைகிறது. கூட்டிக்கழித்தால், படுக்கையாக வைத்த குழாய் சுமக்கும் வெப்பம் பாதிதான். 6 மி.மீ விட்டமுள்ள குழாய், 0.7 மி.மீ தடிமனுள்ள விக், அதில் 40 சதவீதம் துளை, 15 செ.மீ நீளம் என்று கணக்குப் போட்டால் 100 மைக்ரான் தூளில் 25 வாட் வரும், 50 மைக்ரானில் 13 வாட்கூட வராது.

அப்படியானால் பெரிய தூளே போடலாமா? அதை முடிவு செய்வது குழாய் எந்த நிலையில் நிற்கப்போகிறது என்பது. சூடான முனை மேலே இருந்தால் தண்ணீரை 15 செ.மீ தூக்கவே 1,450 பாஸ்கல் செலவாகிறது. 200 மைக்ரான் தூளின் இழுவிசை 3,150 பாஸ்கல்தான், இருந்தும் இந்த உயரத்தில் தண்ணீர் தாராளமாக ஓடுவதால் அதுவே 100 மைக்ரானை முந்துகிறது. குழாயை 30 செ.மீ ஆக்குங்கள், செலவு 2,900 ஆகிவிடும், 200 மைக்ரான் தூள் கிட்டத்தட்ட கைவிட்டுவிடும். அதனால் நீளமும் சாய்வும் கையில் இல்லாமல் தூளின் அளவைத் தேர்ந்தெடுக்கவே கூடாது. தூளுக்குப் பதிலாகக் குழாய்ச் சுவரில் கீறிய, 0.2 மி.மீ அகலமுள்ள வெறும் பள்ளங்களின் இழுவிசை சுமார் 7 செ.மீ தண்ணீரைத்தான் தாங்கும். செயற்கைக்கோள்களில் அலுமினியக் குழாயும் அம்மோனியாவும் சேர்ந்து பள்ளங்களை மட்டும் வைத்தே நன்றாக ஓடுகின்றன, ஏனென்றால் அங்கே தூக்க வேண்டிய எடை இல்லை. அதைப் பார்த்து இங்கே நிமிர்த்தி வைக்கும் கருவியில் போட்டால் ஓடாது.

அப்புறம், விக்கைத் தடிமனாக்கிக்கொண்டே போவது. தண்ணீர் அதிகம் ஓடும், உண்மைதான். ஆனால் சூடான முனையில் வெப்பமும் அதே விக்கைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். மேலே சொன்ன 25 வாட் 3 செ.மீ நீளத்தில் நுழைந்தால், நனைந்த சிண்டர் விக்கில் ஒரு டிகிரிக்கும் குறைவாகத்தான் இழப்பு. அதே தடிமனுக்குச் செம்பு வலையைச் சுருட்டி அடுக்கினால் கணக்கில் 20 டிகிரிக்கு மேல் போய்விடுகிறது, ஏனென்றால் வலையில் கம்பிகள் ஒன்றையொன்று லேசாகத்தான் தொடுகின்றன, நடுவில் இருப்பது தண்ணீர். இதில் வலை சுவரோடு ஒட்டாமல் எழும்பி நின்றால் இன்னும் மோசம். சுவரோரம் சூடு ஏறி விக்குக்குள்ளேயே குமிழி கிளம்பினால், திரும்பி வரும் தண்ணீரை அந்தக் குமிழியே தடுத்துவிடும்.

உருண்டைக் குழாய்க்கு விக் வடிவமைத்துவிட்டு, கடைசியில் இடம் போதவில்லை என்று குழாயைத் தட்டையாக அழுத்துகிறார்கள். இது எனக்கு நிஜமாகவே வருத்தம் தரும் தவறு, ஒரு நிமிடக் கணக்கில் தவிர்த்திருக்கலாம். சுவர் 0.3 மி.மீ, விக் 0.7 மி.மீ என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 2 மி.மீ. அந்தக் குழாயை 3 மி.மீ-க்கு அழுத்தினால் ஆவி போக 1 மி.மீ மிஞ்சுகிறது, 2 மி.மீ-க்கு அழுத்தினால் நடுவில் ஒன்றுமே இல்லை. தண்ணீர் திரும்பி வர வழி இருந்து என்ன பயன், ஆவி போக வழி இல்லையே! மெல்லிய குழாய் வேண்டுமானால் விக்கை முதலிலேயே மெல்லியதாக்குங்கள், அல்லது ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். வளைக்கும் இடத்திலும் விக் விரிசல் விடும், குழாய் விட்டத்தின் மூன்று மடங்குக்குக் குறைவான ஆரத்தில் வளைக்காமல் இருப்பது நல்லது.

தண்ணீரின் அளவும் விக்கின் வடிவமைப்பில் சேர்ந்ததுதான். நம் 15 செ.மீ உதாரணக் குழாயில் விக்கின் துளைகள் நிரம்ப வேண்டியது சுமார் 0.6 மில்லிதான். குறைந்தால் சூடான முனை காய்ந்துவிடும். கூடினால் குளிர்ந்த முனையில் தேங்கி அந்த நீளத்தை வீணாக்கும், உறைபனியில் அந்தத் தேக்கம் குழாயையே பிளக்கலாம். பெரிய நிறுவனங்களுக்கும் இது நேர்கிறது: ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் கிராபிக்ஸ் கார்டுகள் சில 110 டிகிரியைத் தொட்டபோது, இதே கொள்கையில் வேலை செய்யும் வேப்பர் சேம்பரில் தண்ணீர் போதவில்லை என்று 2023 ஜனவரியில் ஏஎம்டி ஒப்புக்கொண்டது.

அலுமினியக் குழாயில் தண்ணீர் ஊற்றவே வேண்டாம், ஹைட்ரஜன் வாயு உருவாகிக் குளிர்ந்த முனையை அடைத்துவிடும். செம்பிலும் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தண்ணீர் ஒட்டாது, சூத்திரத்தில் போட்ட இழுவிசை கிடைக்காது.

சோதிக்கும்போது சூடான முனையைக் கீழே வைத்துப் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். அந்த நிலையில் விக்கே இல்லாத குழாயிலும் தண்ணீர் தானாக இறங்கி வந்துவிடும், விக்கின் குறை ஒன்றும் வெளியே தெரியாது. படுக்கையாக ஒருமுறை, சூடான முனையை மேலே தூக்கி ஒருமுறை பாருங்கள். ஒவ்வொரு முறையும் 5 வாட் கூட்டி, வெப்பநிலை நிலைக்கும்வரை பொறுத்து, சூடான முனை எந்த வாட்டில் நிலைக்காமல் ஏறிக்கொண்டே போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.