பிரேம் போட்டிக்கு அனுப்புவதும் அதைப் பத்திரிகையில் வரவைப்பதும்

படங்களுக்கு பிரேம் போடும் போட்டியில் கலந்துகொள்வதற்கு முன் அதன் விதிமுறைகளை இரண்டு தடவை படியுங்கள். எல்லோருக்கும் ஒரே படத்தைக் கொடுத்து பிரேம் போடச் சொல்கிறார்களா, படம் நம் விருப்பமா? அதிகபட்ச அளவு என்பது பிரேமின் வெளி அளவா, படத்தின் அளவா? கண்ணாடிக்கு அனுமதி உண்டா? கூரியரில் வரும் பிரேம் என்றால் அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடு) மட்டும்தான் என்று சொல்லியிருக்கலாம். பேஸ்டல் (வண்ணத்தூள் குச்சி), கரி ஓவியங்களுக்கு சாதாரண அக்ரிலிக் ஆகாது. அதில் ஏறும் நிலைமின்சாரம் வண்ணத்தூளை இழுத்துக்கொள்ளும். ஆகவே இதைப் பார்த்த பிறகே படத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மதிப்பெண் எளிதில் பறிபோகும் இடம் மூலை. 45 டிகிரி வெட்டு சரியாக இருந்தும் மூன்று மூலைகள் கச்சிதமாகப் பொருந்தி நான்காவது மட்டும் வாய் பிளந்தால், எதிரெதிர்க் கட்டைகள் ஒரே நீளத்தில் இல்லை என்று அர்த்தம். அரை மில்லிமீட்டர் வித்தியாசமே போதும். பசை தடவும் முன் இரண்டு கட்டைகளையும் முதுகோடு முதுகு ஒட்டிவைத்து, முனையில் விரல் நுனியால் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஏற்றத்தாழ்வும் விரலுக்குத் தட்டுப்படும். இடைவெளியை மெழுகால் அடைப்பது வீட்டுச் சுவருக்குச் சரி. சாய்வான வெளிச்சத்தில் பார்க்கும் நடுவரிடம் அது செல்லாது. மறுபடி வெட்டுங்கள்.

மவுண்ட் போர்டில் (படத்தைச் சுற்றி வரும் தடித்த அட்டையில்) படம் தெரியும் ஜன்னலை எப்போதும் புது பிளேடால் வெட்டுங்கள். மழுங்கிய பிளேடு ஓரத்தைப் பிய்க்கும்.

பின்பக்கத்தையும் பார்ப்பார்கள், சில போட்டிகளில் பிரித்தே பார்ப்பார்கள். அசல் ஓவியத்தை செல்லோ டேப்பாலோ பசையாலோ போர்டில் ஒட்டியிருந்தால், முன்பக்கம் எத்தனை அழகாக இருந்தாலும் காப்பாற்ற முடியாது. ஜப்பானியக் காகிதத் துண்டு, கோதுமை ஸ்டார்ச் பசை, மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடம், அவ்வளவுதான்; படம் அந்தத் துண்டுகளில் தொங்கும். காற்றின் ஈரத்துக்கேற்ப காகிதம் விரிந்து சுருங்கும். நான்கு பக்கமும் ஒட்டினால் அலை அலையாக எழும்பிவிடும். அதே காரணத்துக்காக, படம் உட்காரும் பிரேமின் உள்பள்ளத்தில் மொத்தம் 2 முதல் 3 மி.மீ. இடம் விடுங்கள்.

பின்பக்கத்தை மூடுவதற்கு முன் கேமராவை எடுங்கள். பலரும் தவறவிடும் கட்டம் இதுதான். மூலை இணைவது, படம் தொங்குவது, கை வேலை செய்வது: பத்திரிகைக்குப் பிடித்த படங்கள் இவைதான், மூடிய பிறகு கிடைக்காது. முடிந்த பிரேமை எடுக்கும்போது இருபுறமும் 45 டிகிரியில் விளக்கு வைத்து, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டினால் பிரதிபலிப்பு அடங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெயர் தெரியாமல் மதிப்பிடும் போட்டி என்றால், முடிவுக்கு முன் பிரேமின் படம் வெளியானால் தகுதி நீக்கம் நேரலாம். அதுவரை பங்கேற்கும் செய்தியை மட்டும் கொடுங்கள். ஓவியரிடமும் படத்தின் சொந்தக்காரரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

செய்திக்குறிப்பு ஒரே பக்கம், 250 முதல் 300 வார்த்தை. முதல் பத்தியிலேயே யார், என்ன, எங்கே, எப்போது எல்லாம் வந்துவிட வேண்டும். ‘உலகத்தரம்’, ‘தனித்துவம்’ போன்ற சொற்களை ஆசிரியர் முதலில் அடிப்பார். ‘கரையான் அரித்த நூறு வயதுத் திருமணப் புகைப்படத்துக்கு பிரேம் போட்டவர் இறுதிச் சுற்றில்’ என்று தொடங்கினால் வாசிப்பார். அந்தப் படத்தின் கதைதான் செய்தி, பிரேம் அதற்குள் வரும்.

மாத இதழுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே, வார இதழுக்கு இரண்டு வாரம் முன்பே அனுப்புங்கள். நாளிதழுக்கு முடிவு வந்த அன்றே அனுப்ப வேண்டும். மறுநாள் அது பழைய செய்தி. குறிப்பை மின்னஞ்சலின் உள்ளேயே ஒட்டுங்கள். புகைப்படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கி அச்சுக்கு உதவாமல் போகும். அசல் கோப்பையே மின்னஞ்சலில் இணையுங்கள். இடமிருந்து வலமாக யார் யார் என்று படக்குறிப்பு எழுதுங்கள். நிருபரை ஒரு தடவை காலையில் அழைக்கலாம். பக்கம் முடிக்கும் மாலை நேரத்தில் அழைக்காதீர்கள்.