நர்சிங் சீட்டுக்குக் காத்திருக்கையில் கோட்டை விடும் இடங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் மே மாதமே வந்துவிடுகிறது. பி.எஸ்சி. நர்சிங் கலந்தாய்வு நடந்து, எந்தக் கல்லூரி என்று தெரிவதற்குள் ஆடி போய் ஆவணி வந்துவிடும். சில வருடம் அதையும் தாண்டும். கூடப் படித்த பிள்ளைகள் அழகப்பாவிலோ வேறெங்கோ சேர்ந்து பஸ் பாஸ்கூட வாங்கியிருப்பார்கள். கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும் "இன்னும் ஒண்ணும் வரலையா ஆத்தா?" என்று யாராவது ஒரு ஆச்சி கேட்டுவிடுவார்.

நர்ஸாக இருப்பதால் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் வந்து விசாரிப்பது வழக்கம். விண்ணப்பத்தில் தப்பு செய்கிறவர்கள் குறைவு. அதை ஒழுங்காகப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு வரும் மாதங்களில் சீட்டைக் கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம்.

முதலில் போன் நம்பர். விண்ணப்பத்தில் எழுதும் சின்ன விஷயம்தான், ஆனால் பல பேரைப் பிறகு இதுதான் கவிழ்க்கிறது. விண்ணப்பத்தைப் பெரும்பாலும் பிரவுசிங் சென்டரில் போடுகிறார்கள். ஓ.டி.பி. உடனே வர வேண்டுமே என்று அங்கே இருக்கும் அண்ணனின் நம்பரையே கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். இல்லையென்றால் அப்பாவின் நம்பர். அப்பா சிங்கப்பூரில் இருப்பார், அவருடைய ஊர் சிம் ரீசார்ஜ் இல்லாமல் பீரோவுக்குள் கிடக்கும். கல்லூரிகளைத் தேர்வு செய்ய அவகாசம் சில நாட்கள்தான் தருவார்கள். அந்த நேரத்தில் உள்ளே நுழைய பாஸ்வேர்டு இருக்காது, ஓ.டி.பி. யாருக்கோ போய்க்கொண்டிருக்கும். வீட்டிலேயே இருக்கும் ஒரு போன், அம்மாவுடையதாக இருந்தாலும் சரி, அந்த நம்பரைக் கொடுங்கள். விண்ணப்ப எண்ணையும் பாஸ்வேர்டையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

தபாலில் கடிதம் வரும் என்று உட்கார்ந்திருக்கும் வீடுகள் இன்னும் உண்டு. மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு தன் அறிவிப்புகளை இணையதளத்தில்தான் போடுகிறது. கலந்தாய்வும் ஆன்லைனில்தான். பல்லவன் ரயிலைப் பிடித்து, சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் அந்தக் குழுவின் அலுவலகத்துக்குப் போய் "எங்க பிள்ளைக்கு எப்போ சார் வரும்?" என்று கேட்பதால் ரேங்க் முன்னால் நகராது. தினம் ஒருமுறை தளத்தைத் திறந்து பாருங்கள், போதும். வாட்ஸ்ஆப்பில் சுற்றும் "நாளை கடைசி நாள்" தகவலை அந்தத் தளத்தில் பார்க்கும்வரை நம்ப வேண்டாம்.

இனி ஏஜென்ட் விஷயத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், பணமும் போய் படிப்பும் போவது இங்கேதான்.

ரிசல்ட் வந்த வாரமே போன் வரும். உங்கள் பிள்ளையின் மார்க் வரைக்கும் அவருக்குத் தெரிந்திருக்கும், எப்படித் தெரியும் என்று கேட்டால் சிரிப்பார். பிறகு வீட்டுக்கே வந்து, திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்தபடி பெங்களூருக் கல்லூரி ஒன்றின் வழுவழுப்பான புத்தகத்தை விரிப்பார். "கவுன்சலிங்கில் கிடைக்காதுக்கா, எங்ககிட்ட ரெண்டு சீட்டுதான் பாக்கி" என்பார். அட்வான்ஸ் கேட்பார். அதைவிட ஆபத்தான ஒன்றையும் கேட்பார்: மதிப்பெண் பட்டியலும் டி.சி.யும், ஒரிஜினலாக.

அதைக் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது. இரண்டு மாதம் கழித்து மதுரையிலோ சேலத்திலோ அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும், சேர ஒரிஜினல் வேண்டும். வாங்கப் போனால், முழு வருடக் கட்டணத்தையும் கட்டிவிட்டு எடுத்துப் போங்கள் என்பார்கள். கலந்தாய்வு முடிகிறவரை ஒரிஜினல் உங்கள் வீட்டு பீரோவை விட்டு வெளியே போகக் கூடாது. யார் கேட்டாலும் நகல்தான். பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கல்லூரியின் பெயரில் கட்டி, கல்லூரி ரசீது வாங்குங்கள். ஏஜென்டின் ஜி-பே எண்ணுக்குப் போட்ட பணத்துக்குப் பிற்பாடு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு வகை, கடைத்தெருவில் மாடியில் நடக்கும் "ஒரு வருட நர்சிங்". வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப் போட்ட பெண் படம், கீழே நூறு சதவீத வேலைவாய்ப்பு. பதிவு பெற்ற செவிலியர் ஆக வேண்டுமானால் வழி இரண்டுதான்: நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங் அல்லது மூன்று வருட ஜி.என்.எம். டிப்ளமோ. இரண்டு வருட ஏ.என்.எம். அங்கீகாரம் பெற்ற படிப்புதான், ஆனால் அது கிராம சுகாதாரப் பணிக்கானது. ஒரு வருடச் சான்றிதழை வைத்துத் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லையென்றால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) நடத்தும் அரசு செவிலியர் தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியாது, துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் நர்ஸாகப் போக முடியாது. தனியார் மருத்துவமனையில் உதவியாளராக, உதவியாளர் சம்பளத்தில் இருக்க வேண்டியதுதான். நல்ல மார்க் எடுத்த பிள்ளைகளே காத்திருக்க முடியாமல் இதில் போய் விழுகிறார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கல்லூரி சரியானதா என்று பார்ப்பது கஷ்டமில்லை. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. என்றால் பெரும்பாலும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியல், அதோடு இந்திய நர்சிங் கவுன்சில், மாநில கவுன்சில் பட்டியல்கள். எல்லாம் இணையத்திலேயே இருக்கின்றன. கல்லூரிப் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு கல்லூரி இருப்பது சகஜம்.

ரேங்க் பட்டியல் வந்ததும் ஒரு அழுகை நடக்கும். மொத்த ரேங்க் ஆயிரக்கணக்கில் இருப்பதைப் பார்த்துவிட்டு, அவ்வளவுதான் என்று படுத்துவிடுவார்கள். பக்கத்திலேயே சமூக வாரியான ரேங்க் இருக்கும், அதையும் பார்க்க வேண்டும். 31 சதவீத இடம் பொதுப்பிரிவு. அதில் எந்தச் சமூகத்துப் பிள்ளையும் மார்க்கை வைத்து வரலாம். மீதி 69 சதவீதம் இட ஒதுக்கீட்டில் போகிறது. உங்களுக்கு முன்னால் இருக்கும் எல்லாரும் சேரப் போவதும் இல்லை. வேறு படிப்புக்குப் போகிறவர்கள் விடும் இடங்கள் அடுத்த சுற்றுக்கு வரும்.

கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது, கிடைக்காது என்று நினைத்துப் பிடித்த கல்லூரியைக் கீழே தள்ளாதீர்கள். உங்கள் முறை வரும்போது பட்டியலை மேலிருந்து பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைத் தருவார்கள். மேலே ஆசைப்பட்டதைப் போடுவதால் எந்த நஷ்டமும் இல்லை. ஊரை விட்டு அனுப்ப மாட்டோம் என்று மூன்றே கல்லூரி போட்டுவிட்டு, ஒன்றும் வரவில்லையே என்று வருந்துகிறவர்களும் உண்டு. நர்சிங்கில் விடுதி வாழ்க்கை பெரும்பாலும் தப்பாது, அதை வீட்டில் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். இடம் கிடைத்தால் ஆணையில் போட்டிருக்கும் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தால் கைநழுவும்.

சான்றிதழில் நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு: இனிஷியல். தாத்தா, அப்பா இருவருக்குமாகச் சேர்த்து இரண்டு இனிஷியல் வைக்கும் வீடுகளில், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர், சாதிச் சான்றிதழில் இன்னொன்று என்று இருக்கும். சான்றிதழ் சரிபார்க்கும்போது இதைக் கண்டுபிடித்தால் வியர்த்துவிடும். சும்மா இருக்கும் இந்த மாதங்களில் இதைச் சரி செய்துவிடலாம், சாதிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்துக்குப் போகலாம். வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் வேண்டியவர்களும் அப்போதே வாங்கிக்கொள்ளலாம். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு, கல்லூரியில் சேர்ந்ததும் கேளுங்கள்.

பி.எஸ்சி. இல்லையென்றால் ஒன்றுமே வேண்டாம் என்று ஜி.என்.எம்.முக்கு விண்ணப்பிக்காமல் விடுவதை நான் பிடிவாதம் என்றுதான் சொல்வேன். அதுவும் பதிவு பெற்ற செவிலியர்தான். பிறகு இரண்டு வருட போஸ்ட் பேசிக் என்ற மேற்படிப்பைப் படித்தால் பி.எஸ்சி. பட்டமும் வந்துவிடும். வேலூர் சி.எம்.சி.க்குத் தனி விண்ணப்பம், புதுச்சேரி ஜிப்மருக்கு நீட் மதிப்பெண். அவற்றை ஒரே கலந்தாய்வு என்று நினைத்துத் தவறவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கடைசியாக, யாரும் சொல்லாத ஒன்று: ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. நர்சிங் படிப்பில் ஊசியும் ரத்தமும் அன்றாடம். இந்தத் தடுப்பூசி மூன்று தவணை. முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. கல்லூரி திறந்த பிறகு ஆரம்பித்தால், வார்டுக்குப் போகும்போது பாதிதான் போட்டிருப்பீர்கள். குழந்தையில் போட்டிருந்தால் அந்த அட்டையைத் தேடி எடுத்து, டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். போடவில்லையென்றால் ஜூனிலேயே தொடங்கிவிடலாம். புது அட்டையையும் சான்றிதழ்கள் இருக்கும் ஃபைலிலேயே வையுங்கள், சேரும் அன்றைக்குக் கேட்பார்கள்.