கோவை, திருப்பூருக்குப் புதுசா? பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் வாங்கும் முன் ஒரு நிமிஷம்

இலங்கையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ படிக்க, வேலை பார்க்க என்று கொங்குப் பக்கம் வந்து இறங்கியவர்கள் வீடு பிடித்து, கேஸ் அடுப்பு வாங்கி முடித்ததும் அடுத்து என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "கோவை காந்திபுரத்தில் ஒரு டெல் ஆப்டிபிளெக்ஸ் ரீஃபர்பிஷ்டு சொல்கிறார்கள், வாங்கலாமா?" ரீஃபர்பிஷ்டு என்றால் பழசைச் சரிபார்த்து மறுபடி விற்பது, தாராளமாக வாங்கலாம். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதும் சின்ன ஆபீஸ் நடத்துகிறேன், இதுவரை வாங்கிய ஏழு பெட்டியும் பழசுதான். ஆறு நன்றாக ஓடுகின்றன. ஒன்று என்னை ஓட விட்டது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

பெரிய கம்பெனிகள் மூன்று, நாலு வருஷம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துவிடும் பெட்டிகள் இவை. டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் எல்லாம் பகல் முழுக்க ஓடுவதற்கென்றே செய்தவை, அதனால் உடம்பு கெட்டி. கேட்கிற காசுக்கு உள்ளே சரக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கடையில் தம்பி "ஐ5ங்ண்ணா, சும்மா பறக்கும்" என்பார். ஐ5 என்பது இன்டெல் சிப் வரிசை ஒன்றின் பெயர். 2011-லும் ஐ5 வந்தது, அதுவும் ஐ5தான்! பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். ஐ5-6500 என்றால் ஆறாவது ஜென், அதாவது ஆறாவது தலைமுறை, ஐ5-8500 என்றால் எட்டாவது. ஏழாவது வரை டெஸ்க்டாப் ஐ5-க்கு, சிப்புக்குள் வேலை செய்யும் பகுதியான கோர் அதிகபட்சம் நாலுதான், எட்டாவதில் ஆறாக ஏற்றினார்கள். அந்த ஜென்னில் ஐ3-8100-க்கே நாலு கோர் இருக்கிறது, ஆகவே ஐ3 என்று கேட்டதும் முகம் சுளிக்க வேண்டாம். இன்னொரு பெரிய காரணம், விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஒத்துக்கொள்ளும் இன்டெல் சிப்கள் அநேகமாக எட்டாவது ஜென்னில்தான் தொடங்குகின்றன, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. ஆறாவது ஜென்னிலும் எப்படியோ 11-ஐ ஏற்றித் தருவார்கள், ஓடவும் ஓடும், ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் போடுவதாக இருந்தால் அடிமாட்டு விலைக்கு வாங்குங்கள், இல்லையென்றால் எட்டுக்குக் கீழே போகாதீர்கள். பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கரை நம்பாமல், விண்டோஸ் செட்டிங்ஸில் 'அபவுட்' பக்கத்தைத் திறந்து சிப் எண்ணைப் பாருங்கள். விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடலாம்.

அடுத்து மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். பல மாடல்களில் ஸ்க்ரூ டிரைவரே வேண்டாம், ஒரு கொக்கியை இழுத்தால் கையோடு வரும். செல்போன் டார்ச்சை அடித்து ஃபேனுக்குப் பின்னால் இருக்கும் அலுமினியத் தகடுகளைப் பாருங்கள், ஏனென்றால் நம்ம பக்கம் நூல் மில்லிலும் பனியன் கம்பெனியிலும் இருந்த பெட்டி என்றால் தகட்டுக்கு இடையில் பஞ்சு தலையணை மாதிரி அடைத்திருக்கும். என்னை ஓட விட்ட பெட்டி அப்படிப்பட்டதுதான். வெளியே துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள், நானும் மூடியைத் திறக்காமல் காசைக் கொடுத்துவிட்டேன். கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேரைத் திறந்து பத்து நிமிஷத்தில் ஃபேன் கிரைண்டர் மாதிரி கத்தியது. விரலை விட்டு எடுத்தால் பஞ்சு கம்பளித் துண்டாக உரிந்து வந்தது. சுத்தம் செய்து, சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் போட்டது சின்னச் செலவு. ரெண்டு மாசத்தில் பவர் சப்ளை போனதுதான் பெரிய தலைவலி: சாதாரணக் கடையில் கிடைக்கும் பவர் சப்ளை (எஸ்எம்பிஎஸ்) அந்தப் பெட்டிக்குள் உட்காராது, வயர் முனையும் வேறு. அதே மாடலுக்கானதைத் தேடி நாலு கடை ஏறி இறங்கினேன்.

பென் டிரைவில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற டிஸ்க் சோதிக்கும் சாஃப்ட்வேரைக் கொண்டுபோய், ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். இரவு பகலாக அணைக்காமல் ஓடினால் வருஷத்துக்கு 8,760 மணி. "புது எஸ்எஸ்டி போட்டிருக்கோம்ங்க" என்ற இடத்தில் 20,000 காட்டினால் சிரித்துக்கொண்டே விலையைக் குறைத்துக் கேளுங்கள். பெட்டியை ஆன் செய்ததும் டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவாவில் எஃப்1 தட்டி, விண்டோஸுக்கு முன்பே வரும் செட்டிங்ஸான பயோஸுக்குள் போங்கள். அங்கே பாஸ்வேர்ட் கேட்டால் கடைக்காரரை எடுக்கச் சொல்லுங்கள், முடியாது என்றால் அந்தப் பெட்டி வேண்டாம்.

இனி விலை. போன தடவை ஐ5-8500, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டிக்கு 14,500 சொல்லி 13,000-க்குக் கொடுத்தார்கள். ஆனால் அதில் வைஃபை இல்லை, எச்டிஎம்ஐ ஓட்டை இல்லை, டிஸ்ப்ளேபோர்ட் மட்டும். இந்த ரகத்தில் இது சகஜம். யுஎஸ்பியில் சொருகும் வைஃபை குச்சி, மாற்றுக் கேபிள், இன்னொரு 8 ஜிபி எல்லாம் சேர்த்துக் கூட்டுங்கள், அந்தக் கூட்டுத்தொகை இதே வேலை செய்யும் புதுசின் விலையில் பாதியைத் தாண்டினால் நான் வாங்க மாட்டேன். மலேசியாவிலிருந்து மானிட்டர் கொண்டுவந்தவர்களுக்கு: உங்கள் சதுரக் கால் பிளக் இங்கே போகாது, உருண்டைக் கால் வயர் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெறும் துண்டுச் சீட்டில் எழுதித் தரும் கச்சா பில் வேண்டாம், சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் கேளுங்கள், வாரண்டி எத்தனை மாசம், பவர் சப்ளைக்கும் உண்டா என்பதை அதிலேயே எழுதி வாங்குங்கள். சாயங்காலக் கூட்டத்தில் போகாமல் காலையில் கடை திறந்ததும் போனால், ஒரு மணி நேரம் யூட்யூப் ஓட விட்டு ஃபேன் சத்தம் கேட்கிற வரை பொறுமையாக உட்கார விடுவார்கள், டீயும் வாங்கிக் கொடுப்பார்கள்.