குபர்னெட்டிஸில் செயலிகளை ஏற்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செயலியையும் அதற்குத் தேவையானவற்றையும் அடைத்த பொதிகளான கன்டெய்னர்களை, அவற்றை ஓட்டி நிர்வகிக்கும் குபர்னெட்டிஸ் மூலம் கிளவுடில் ஏற்றிப் பழகும் இளைஞர்களின் யாமல் கோப்புகளை, அதாவது அமைப்புக் கோப்புகளை, படித்துத் திருத்தும் வேலை எனக்கு அடிக்கடி வருகிறது. இத்துறைக்கு வந்த புதிதில் நாங்கள் செய்த தவறுகளையே அவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். கன்டெய்னரின் மூல வடிவமான இமேஜுக்குள் கடவுச்சொல்லை வைக்கக் கூடாது, ரூட் பயனராக ஓட்டக் கூடாது என்பவை எல்லாப் பாடங்களிலும் இருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். நள்ளிரவில் ஆளை எழுப்பும் தவறுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்; அவற்றிலும் முதலாவதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

லைவ்னெஸ் சோதனையில் தரவுத்தளத்தைச் சேர்ப்பது

செயலி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் லைவ்னெஸ் சோதனை தோற்றால் குபர்னெட்டிஸ் அந்தக் கன்டெய்னரைக் கொன்று மீண்டும் தொடங்கும். கோரிக்கைகளை ஏற்கத் தயாரா என்று பார்க்கும் ரெடினெஸ் சோதனை தோற்றால் கோரிக்கைகளை அனுப்புவதை மட்டும் நிறுத்தும். கன்டெய்னர் உயிரோடு இருக்கும். விளைவில் இவ்வளவு வேறுபாடு இருந்தும், புதியவர்கள் இரண்டுக்கும் ஒரே முகவரியைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த முகவரியோ தரவுத்தளம், கேஷ் (தற்காலிகச் சேமிப்பு), பணம் செலுத்தும் சேவை என்று அனைத்தையும் தொட்டுப் பார்த்து, எல்லாம் சரியாக இருந்தால்தான் 200 (சரி) என்று பதில் தருகிறது. பார்ப்பதற்குப் பொறுப்பான வேலையாகத் தெரிவதால், மேற்பார்வையிடும் மூத்தவர்களும் இதைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இணையவழி விற்பனை நடத்தும் ஒரு நிறுவனத்தில் இதன் முழு விளைவையும் பார்த்தேன். விற்பனை மும்முரமாக இருந்த ஒரு மாலையில், யாரோ ஓட்டிய கனமான அறிக்கை ஒன்றினால் அவர்களுடைய போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் மெதுவாயிற்று. நாம் எதையும் மாற்றாவிட்டால் சோதனை 10 வினாடிக்கு ஒருமுறை நடக்கும். 1 வினாடிக்குள் பதில் வராவிட்டால் அது தோல்வி. தொடர்ந்து 3 முறை தோற்றால் கன்டெய்னர் மீண்டும் தொடங்கப்படும். சோதனைக் கோரிக்கையும் மற்றக் கோரிக்கைகளோடு சேர்ந்து தரவுத்தள இணைப்புக்காக வரிசையில் நின்றதால், அந்த 1 வினாடி எளிதில் கடந்தது. கன்டெய்னர்களை ஓட்டும் அலகுகளான பாட்கள் எல்லாம் கேட்டது ஒரே தரவுத்தளத்தைத்தான் என்பதால், ஏறக்குறைய அரை நிமிடத்துக்குள் அத்தனையும் கொல்லப்பட்டன. அதுவரை அவற்றில் ஒன்றுக்குக்கூட எந்தக் கோளாறும் இல்லை.

அதன் பிறகுதான் உண்மையான சேதம் தொடங்கியது. மீண்டும் எழுந்த பாட்கள் அனைத்தும் ஒரே சமயத்தில் புதிய இணைப்புகளைக் கேட்டன. போஸ்ட்கிரெஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் இயங்குதளத்தில் தனி ப்ராசஸை (ஓடும் நிரலை) தொடங்கும். மாற்றாவிட்டால் அதன் இணைப்பு வரம்பு 100 மட்டுமே. வரம்பு நிறைந்ததும் இணைப்புக் கிடைக்காத பாட்கள் தொடக்கத்திலேயே விழுந்து, மீண்டும் மீண்டும் விழுவதைக் குறிக்கும் கிராஷ்லூப்பேக்ஆஃப் நிலைக்குச் சென்றன. அந்த நிலையில் அடுத்த முயற்சிக்கு முன் காத்திருக்கும் நேரம் 10, 20, 40 வினாடிகள் என்று இரட்டித்து 5 நிமிடம் வரை போகும். ஆகவே, அறிக்கை ஓடி முடிந்து தரவுத்தளம் தெளிந்த பின்பும் தளம் எழவில்லை. இதற்கிடையில், பாட்கள் போதவில்லை என்று எண்ணிய ஒருவர் அவற்றின் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கினார். இணைப்புகளுக்கான நெரிசல் மேலும் கூடியது. லைவ்னெஸிலிருந்து தரவுத்தளத்தை எடுத்த பிறகே அந்தச் சுழல் நின்றது.

இந்தத் தவறு எனக்கு இன்றளவும் எரிச்சலூட்டுகிறது. ஏனென்றால், தவறாக அமைத்த லைவ்னெஸ் சோதனை ஒன்றன்பின் ஒன்றாகச் சேவைகளை வீழ்த்தும் என்று குபர்னெட்டிஸின் அதிகாரபூர்வ ஆவணமே வெளிப்படையாக எச்சரித்திருக்கிறது. லைவ்னெஸில் எதைச் சேர்ப்பதற்கு முன்பும், இந்த ப்ராசஸை மட்டும் நிறுத்தித் தொடங்கினால் கோளாறு தீருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டெட்லாக்கில், அதாவது பகுதிகள் ஒன்றுக்கொன்று காத்து உறைந்த நிலையில், சிக்கிய ப்ராசஸுக்குத் தீரும். வேறொரு கணினியில் திணறும் தரவுத்தளத்துக்குத் தீராது. ப்ராசஸ் தானாக விழுந்துவிட்டால் குபர்னெட்டிஸ் எப்படியும் அதை மீண்டும் தொடங்கும் என்பதால், பல செயலிகளுக்கு லைவ்னெஸ் சோதனையே தேவைப்படுவதில்லை.

ஜாவா செயலிகளுக்கான ஸ்பிரிங் பூட் கட்டமைப்பைப் பயன்படுத்துவோர் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். அதன் பொதுவான ஹெல்த் முகவரி தரவுத்தளத்தின் நிலையையும் சேர்த்தே சொல்லும். 2020இல் வந்த 2.3 பதிப்பு லைவ்னெஸுக்கும் ரெடினெஸுக்கும் தனித்தனி முகவரிகளைக் கொண்டுவந்தது. ஆனாலும் பழைய முகவரியை லைவ்னெஸுக்குக் கொடுத்திருக்கும் கோப்புகள் இன்றும் என் கைக்கு வருகின்றன.

அப்படியானால் தரவுத்தளத்தை ரெடினெஸுக்கு மாற்றிவிடலாமா என்று உடனே கேட்பார்கள். கொலை நிற்கும் என்பது உண்மையே. ஆனால் தரவுத்தளம் திணறும்போது எல்லாப் பாட்களும் ஒன்றாக விலக்கப்பட்டுவிடும். கேஷிலிருந்தே காட்டியிருக்கக்கூடிய பக்கம்கூடப் பயனருக்குக் கிடைக்காது. தரவுத்தளம் தேவைப்படும் கோரிக்கைக்கு மட்டும் விரைவாகப் பிழைச்செய்தி தருவதே நல்லது.

மெதுவாகத் தொடங்கும் செயலிக்காக லைவ்னெஸைத் தாமதப்படுத்துவது

தேவையில்லை. செயலி எழுந்து முடியும்வரை லைவ்னெஸை நிறுத்திவைக்க, இதற்கென்றே இருக்கும் ஸ்டார்ட்அப் சோதனை குபர்னெட்டிஸின் 1.20 பதிப்பிலேயே நிலைபெற்றுவிட்டது.

லேட்டஸ்ட் என்ற டேக்

இமேஜின் பதிப்பைக் குறிக்கும் டேக்காக இதைப் பயன்படுத்தாதீர்கள். எந்தப் பதிப்பு ஓடுகிறது, எதற்குத் திரும்ப வேண்டும் என்ற இரண்டுக்கும் பதில் இருக்காது.

நிறுத்தச் சொல்வது செயலியின் காதில் விழாமல் போவது

ஒரு பாடை நிறுத்தும்போது முதலில் வேலையை முடித்துக்கொள்ளச் சொல்லும் சிக்டெர்ம் என்ற சமிக்ஞை அனுப்பப்படுகிறது. இயல்பாக 30 வினாடி பொறுத்த பின், உடனே கொல்லும் சிக்கில் என்ற சமிக்ஞை வருகிறது. இமேஜை உருவாக்கும் டாக்கர்ஃபைலில் தொடக்கக் கட்டளையைச் சதுர அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால், முதல் ப்ராசஸாக, கட்டளைகளை இயக்கும் ஷெல் அமர்ந்துகொண்டு, சிக்டெர்மைப் பெரும்பாலும் செயலிக்குக் கடத்தாமல் விட்டுவிடும். ஒவ்வொரு புதிய வெளியீட்டின்போதும் சரியாக அரை நிமிடம் தாமதமாகிறது, சில கோரிக்கைகள் பாதியில் அறுகின்றன என்றால் முதலில் அந்த வரியைப் பாருங்கள். சிக்டெர்ம் போவதும் கோரிக்கைப் பட்டியலிலிருந்து பாட் நீக்கப்படுவதும் ஒரே நேரத்தில் நடப்பதால், சிக்டெர்முக்கு முன் ஓடும் பிரீஸ்டாப்பில் சில வினாடித் தாமதம் வைப்பதும் உதவும்.

கண்காணிப்பில் சராசரியை நம்புவது

பாட் ரன்னிங் நிலையில் இருப்பதைக் கண்டு நிம்மதியடைய வேண்டாம். அது இன்று பலமுறை விழுந்து எழுந்திருக்கலாம். பாட்களின் நிலையை எண்களாகத் தரும் குபே-ஸ்டேட்-மெட்ரிக்ஸ் காட்டும் ரீஸ்டார்ட் எண்ணிக்கை கூடும்போது, கண்காணிப்புக் கருவியான புரோமிதியஸ் எச்சரிக்கை அனுப்பும்படி அமையுங்கள். குபர்னெட்டிஸ் தன் இவென்ட்களை (நிகழ்வுக் குறிப்புகளை) இயல்பாக 1 மணி நேரமே வைத்திருக்கும். முந்தைய லாகை (செயலி எழுதிய பதிவை) கேட்டால் கடைசியாக விழுந்ததன் லாகை மட்டுமே தரும். இரண்டையும் கிளஸ்டருக்கு (குபர்னெட்டிஸ் ஓடும் கணினித் தொகுதிக்கு) வெளியே சேமிக்காவிட்டால், காலையில் வந்து பார்ப்பவருக்குச் சான்று ஏதும் மிஞ்சாது. விழுந்த கன்டெய்னரின் எக்ஸிட் கோட் (முடிவுக் குறியீடு) 137 என்றிருந்தால் சிக்கில் வந்திருக்கிறது என்று பொருள். நினைவகம் தீர்ந்ததுதான் அதற்கு அடிக்கடி காரணமாகிறது.

சிபியு வரைபடத்தின் சராசரியும் ஏமாற்றும். அரை கோர் வரம்பு வைத்த கன்டெய்னருக்கு ஒவ்வொரு 100 மில்லிவினாடிச் சுற்றிலும் 50 மில்லிவினாடி சிபியு நேரம் கிடைக்கும். செயலிக்குள் இணையாக ஓடும் 4 த்ரெட்கள் ஒன்றாக ஓடினால் 12.5 மில்லிவினாடியிலேயே அது தீர்ந்து, மீதி நேரம் முழுவதும் செயலி முடங்கி நிற்கும். நிமிடச் சராசரியோ அமைதியாகவே தெரியும். ஆகவே, சிபியு தடுத்து நிறுத்தப்பட்ட சுற்றுகளின் எண்ணிக்கையைத் வரைபடக் கருவியான கிராஃபானாவில் தனி வரைபடமாக வையுங்கள். அதை ரீஸ்டார்ட் வரைபடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தரவுத்தளத்தைத் தொடாத லைவ்னெஸ் சோதனைகூட ஏன் 1 வினாடியைத் தாண்டியது என்பது பல நேரங்களில் தெரிந்துவிடும்.