ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை எப்போது மாற்றுவது?

கோவையில் என் பட்டறைக்கு ஆட்டோமேட்டிக் கார் வந்தால், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட எங்கே ஓடியது என்றுதான் முதலில் கேட்பேன். ஊட்டி மலைப்பாதையில் அடிக்கடி ஏறும் வண்டியிலும், அவிநாசி ரோடு நெரிசலில் தினமும் ஊரும் வண்டியிலும் இன்ஜின் சக்தியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் சூடேறும். ஆயிலைக் கெடுப்பது அந்தச் சூடுதான்.

"ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கியர்பாக்ஸ் செய்கிற இசட்எஃப் நிறுவனமே தன் ஆட்டோமேட்டிக்குகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டர் அல்லது 8 ஆண்டு என்கிறது. உங்கள் கார் கையேட்டில் கடினமான பயன்பாட்டுக்குத் தனிக் கெடு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். கிளட்ச்சையும் கியரையும் தானாக இயக்கும் ஏஎம்டி வண்டிக்கு இது பொருந்தாது. அதற்குள் இருப்பது மேனுவல் கியர்பாக்ஸ். கியர் படிகள் இல்லாமல் பெல்ட்டில் இயங்கும் சிவிடிக்கு அதற்கென்றே உள்ள ஆயில்தான் ஊற்ற வேண்டும்.

கியர்பாக்ஸ் ஆயில் அளவைப் பார்க்கும் குச்சி (டிப்ஸ்டிக்) இருந்தால் வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். நிறம் கறுத்தது மட்டும் பெரிய விஷயமில்லை. கறுத்து, கருகிய வாடையும் வந்தால் மாற்றிவிடுங்கள். துணியில் உலோகத் துகள் மினுங்கினாலோ, இன்ஜின் உறுமியும் வண்டி நகராமல் கியர் வழுக்கினாலோ, புது ஆயில் மட்டும் அதைச் சரிசெய்யாது. முதலில் கியர்பாக்ஸைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று: ஆயிலை வடிக்கும் டிரெய்ன் போல்ட்டைத் திறந்தால் எல்லா ஆயிலும் வராது, கன்வர்ட்டரில் கணிசமாகத் தங்கிவிடும். அதனால் ரொம்பப் பழைய ஆயில் என்றால், சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு முறை வடித்து ஊற்றச் சொல்வேன்.